பல பாகப் புதினமும் ஒரே வினாவும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடகோடியில், பேராக் எல்லையை அடுத்து அமைந்த ஊர் கம்போங் ராஜா. இன்று காய்கறித் தோட்டங்களால் பெயர் பெற்ற இவ்வூர், புளூ வேலித் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த தமிழ்க் குடிகளையும் உடையது. இம்மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. இடைப்பட்ட காலம் ஒன்பதே ஆண்டு. அதற்குள் கப்பலேறி வந்தவர்களும், சமவெளியின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலையேறி வந்தவர்களுமே இம்மலைத் தமிழரின் முதல் தலைமுறையினர்.

அவர்களும் அவர்தம் மக்களும் கண்டவை பல. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1957-இல் நாட்டு விடுதலை. குடியுரிமை இல்லாதார் வேலை பெர்மிட் பெற வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம். அதனை அடுத்துப் பல்லாயிரவர் தாயகம் திரும்பியமை. இத்துணையும் ஒரு நூலுள் அடங்கா. மூன்றோ நான்கோ பாகங்களாக எழுதினால் அல்லது இவ்வரலாறு கதை வடிவு பெறாது. அவ்வாறு எழுத முனைவோர் கதையை எங்ஙனம் கட்டுவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். அதற்கு முன், நம் மொழியில் பல பாகக் கதைகளைக் கட்டியோர் கையாண்ட முறையைக் காண்போம்.

இரு வினாக்கள்

ஒரே நூலாக அமையும் புதினம் ஒருமுறை முடிந்தால் போதும். நான்கு பாகங்களாக அமைவது நான்கு முறை முடிய வேண்டும். ஆயினும் மூன்று முறை முடிந்தும் முடியாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் இறுதியிலும் வாசகர் நூலை மூடி வைத்துவிடலாம். அவரை அடுத்த பாகத்துக்கு அழைத்து வருவது எது?

'பின்னர் என்ன நடந்தது?' என்னும் ஆவல் ஒன்று. 'ஏன் இவ்வாறு நடந்தது?' என்னும் வினா மற்றொன்று. முன்னது விடை தெரிந்தவுடன் அற்றுப்போவது. பின்னதோ விடை தெரிந்தபின் வலுப்பெறுவது. பெரும்பாலான தொடர்கதைகள் முன்னதையே நம்புகின்றன. நிலைத்து நின்ற நூல்கள் பின்னதையே நம்பின.

நம் இரட்டைக் காப்பியங்களே இதற்கு முதற் சான்று. சிலப்பதிகாரப் பதிகம் கதை முழுவதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கோவலன் கொல்லப்படுவான் என்பதை அறிந்தே நாம் புகார்க் காண்டத்துள் புகுகிறோம். அறிந்தமையால் சுவை குன்றவில்லை. கானல்வரியில் எழும் ஊடல் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நம்மைக் கலங்க வைக்கிறது. அடுத்து வரும் மணிமேகலை வேறொரு புலவர் பாடியது. அதன் நோக்கமும் நெறியும் வேறு. எனினும் இரண்டும் ஒரு தொடராகவே போற்றப்படுகின்றன. கோவலன் இறந்த துயர் அவன் மகள் மீது என்ன கடமையைச் சுமத்துகிறது என்னும் வினா இரண்டையும் பிணிக்கிறது. தான் பெற்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்றே மாதவி கூறும் இடம் அப்பிணிப்பின் உறுதியான முடிச்சு. பாகங்களைச் சேர்ப்பது பாத்திரங்களின் பெயர் மட்டுமன்று, ஒரு நூலில் தீராத கடன் அடுத்த நூலுக்குச் செல்வதே என்பதை இதனால் அறியலாம்.

பின்னதை முன் எழுதிய கல்கி

இக்காலப் புதினத்துள் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுபவை கல்கியின் பல்லவர் காலக் கதைகள். 1941-இல் கல்கி வார இதழ் தொடங்கப்பெற்றது. அதில் முதலில் வந்த சரித்திரத் தொடர் 'பார்த்திபன் கனவு'. அதன்பின் 1944 முதல் 1946 வரை வந்தது 'சிவகாமியின் சபதம்'. எழுதிய வரிசை இது; கதை நிகழ்ந்த வரிசையோ இதற்கு நேர்மாறானது. 'பார்த்திபன் கனவு' வாதாபிப் போர் முடிந்த பின்னைக் காலத்தைப் பேசுகிறது. அதில் நரசிம்ம பல்லவர் மகளைப் பெற்ற முதிய மன்னர். பரஞ்சோதி படைத்தொழிலைத் துறந்து சிறுத்தொண்டராகிவிட்டார். 'சிவகாமியின் சபதம்' அவ்விருவரின் இளமைக் காலத்தைப் பேசுகிறது.

இதனால் ஆசிரியர்க்கு நேர்ந்த நெருக்கடியை எண்ணிப் பாருங்கள். முதல் தொடரைப் படித்தவர்க்கு, வாதாபி வீழும் என்பது தெரியும்; நரசிம்மர் வேறொரு பெண்ணை மணந்து குந்தவியைப் பெறுவார் என்பதும் தெரியும். ஆகவே சிற்பியின் மகள் சிவகாமிக்கும் இளவரசனுக்கும் இடையே மலரும் காதல் நிறைவேறாது என்பது அக்காதல் பிறக்கும் முன்பே உறுதியாகிவிட்டது. முந்திய நூலில் பிறந்துவிட்ட ஒரு மகள் பிந்திய நூலின் நாயகியைத் தனிமைக்கு விதித்துவிட்டாள் எனலாம்.

திறன் குறைந்த ஒருவர் இத்தளையை அறுக்க முயன்றிருப்பார். ஏதேனும் ஆள்மாறாட்டம் செய்து தப்பியிருப்பார். கல்கி அதனையே கதையின் உயிராக்கிக்கொண்டார். வாதாபி எரியும் வரை அந்நகரை விட்டு வாரேன் என்று சிவகாமி உரைக்கும் சபதமே அவளைக் காதலனிடமிருந்து பிரிக்கிறது. வெற்றிக்காக வேண்டியிருந்த ஆண்டுகளே அவள் வாழ்வைத் தின்றுவிடுகின்றன. சபதம் நிறைவேறுமா என்பது வினாவன்று. நிறைவேறும் என்பதை அறிவோம். அது நிறைவேறுவதன் விலை யாது என்பதே வினா. நான்காம் பாகத்துக்குச் 'சிதைந்த கனவு' என்று பெயரிட்டதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

ஒரு மணிமுடி, ஐந்து பாகம்

1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இம்முறையின் விரிவு. அருள்மொழிவர்மன் பிற்காலத்தில் முதலாம் இராசராசனாக அரியணை ஏறுவான் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. உடையார்குடிக் கல்வெட்டால் ஆதித்த கரிகாலன் கொலையும் வரலாற்று மாணவர் அறிந்ததே. எனினும் 293 அத்தியாயங்களும் அலுப்பின்றிச் செல்கின்றன. சோழ நாட்டு மணிமுடி யாருக்கு என்னும் வினா ஐந்து பாகங்களையும் ஊடுருவிச் செல்வதே காரணம். அதனினும் நுட்பம் யாதெனில், இறுதிப் பாகத்தில் அவ்வினாவே மாறிவிடுகிறது. முடியைப் பெறத் தக்கவன் யார் என்று தொடங்கியது, முடியைப் பிறர்க்கு அளிக்கத் தக்கவன் யார் என்று முடிகிறது. 'மணிமகுடம்' என்னும் நான்காம் பாகத்தை அடுத்துத் 'தியாகச் சிகரம்' வருவது அதனாலேயே.

பாகங்களை முடிக்கும் முறையும் கருதத் தக்கது. இரண்டாம் பாகம் கடற்புயலில் முடிகிறது. இளவரசன் பிழைப்பானா என்னும் ஐயம் அங்கே தீர்கிறது. ஆனால் அவன் கடலில் மாண்டான் என்று நாடு நம்பினால் என்ன நேரும் என்னும் புதிய வினா அதே புயலிலிருந்து பிறக்கிறது. தேயிலைத் தோட்டத்தார்க்கு இதை எளிதில் விளக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து வெட்டுவர். வெட்டிய இடம் மொட்டையாகத் தோன்றும். ஆயினும் கொழுந்து விடும் கணுவை விட்டே வெட்டியிருப்பர். வேரோடு வெட்டுவதும் கவாத்தன்று. வெட்டாமலே விடுவதும் கவாத்தன்று. பாக முடிவு அத்தகையது.

மற்றொன்று, வந்தியத்தேவன் என்னும் பாத்திரத்தின் பயன். கரிகாலன் தந்தைக்கும் தங்கைக்கும் விடுத்த ஓலைகளைச் சுமந்து அவன் புறப்படுகிறான். காஞ்சி, தஞ்சை, பழையாறை, ஈழம் என்று சிதறிக் கிடக்கும் களங்களை அவன் கால்களே இணைக்கின்றன. அவனுக்கு முடியின் மீது உரிமை இல்லை. ஆகவே எல்லார் வாயிலும் அவன் நுழையலாம். இத்தகைய ஒருவன் இன்றிப் பல பாகக் கதை தனித்தனித் துண்டுகளாகிவிடும்.

குறையும் இல்லாமல் இல்லை. ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயங்கள். மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தே 92 தான். முன்னே போட்ட முடிச்சுகளை எல்லாம் இறுதியிலேயே அவிழ்க்க வைத்ததன் பயன் இது. அவ்வளவுக்குப் பின்னும் வாசகர் வினாக்கள் எஞ்சியமையால், பாத்திரங்களின் பிற்கால வரலாற்றை முடிவுரையில் கூற நேர்ந்தது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்னும் தொடர்ச்சியை எழுத இடம் இருந்ததும் இதனாலேயாம்.

நம் நாட்டு நிலை

இனி மலேசியத் தமிழ்ப் புதினத்துக்கு வருவோம். 1975-இல் இங்கு வந்து சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்னும் புதினத்தை எழுதினார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமி சயாம் ரயில் பாதையை 'நினைவுச் சின்னம்' என்னும் நூலிலும், இந்திய தேசிய இராணுவத்தை 'இமையத் தியாகம்' என்னும் நூலிலும், ஆற்றங்கரை மக்கள் கண்ட கொந்தளிப்பை 'லங்காட் நதிக்கரை' என்னும் நூலிலும் பதிந்தார். இவை நம் வரலாற்றைக் காத்த அரிய நூல்கள். எனினும் இவை தனித்தனிப் புதினங்கள். ஒரு தொடராகக் கட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பேரிடரை மையமாகக் கொண்டது. இடருக்கும் இடருக்கும் இடைப்பட்ட அமைதியான ஆண்டுகளில் லயத்து வீட்டினுள் என்ன மாறியது என்பதைக் காட்ட ஒற்றைப் புதினத்தில் இடமில்லை. அன்றியும் நம் புதினங்களின் களம் பெரிதும் பால்மரக் காடே. தேயிலை மலை ஓரத்தில் நிற்கிறது.

இடர்களைக் காலமுறையில் அடுக்கிவிட்டால் தொடராகிவிடாதோ என்பாருமுளர். ஆகாது. அது காலக்குறிப்பேடு ஆகும். தொடருக்கு வேண்டுவது பாகந்தோறும் வளரும் ஒரு வினா. மலைத்தோட்டத்தில் அவ்வினா எது? 'நமக்கு வீடு எது?' என்பதே அது என்பது எம் கருத்து. லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது. வேலை உள்ளவரை குடியிருப்பு. வேலை ஓய்ந்தால் வீடும் போயிற்று. முதல் தலைமுறைக்கு வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. இரண்டாம் தலைமுறை குடியுரிமையா, திரும்பும் கப்பலா என்று நிற்க நேர்ந்தது. மூன்றாம் தலைமுறை படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டது. அவர் பறித்த கொழுந்தை இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் பறிக்கின்றனர். இம்முடிவு நம் எல்லார்க்கும் தெரியும். ஆகவே நம் எழுத்தாளர் 1944-இல் கல்கி நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

எளிய தொழிலாளர் வாழ்வில் மணிமுடிப் பூசல் போன்ற பெருநிகழ்ச்சி ஏது என்று கேட்கலாம். வங்காளத்து ஆசாபூர்ணா தேவியின் மூன்று புதினங்கள் அதற்கு விடை. 'பிரதம் பிரதிசுருதி' 1964-இலும், 'சுவர்ணலதா' 1967-இலும், 'பகுல் கதா' 1974-இலும் வந்தன. தாய், மகள், பேர்த்தி என்னும் மூவர் கதை அது. களம் பெரும்பாலும் வீட்டின் உட்புறமே. தன்னை அறியாமல் சிறு மகளை மணம் முடித்துவிட்ட குடும்பத்தை விட்டுச் சத்தியவதி வெளியேறுகிறாள். தாய் எழுப்பிய அவ்வினா, கைவிடப்பட்ட மகளின் நெஞ்சில் புண்ணாகி அடுத்த நூலாகிறது. முதல் நூலுக்கு 1976-ஆம் ஆண்டு ஞானபீடப் பரிசு கிடைத்தது. படையும் கோட்டையும் இன்றியே தொடர் கட்டலாம் என்பதற்கு இது போதும்.

மலாய் அறிந்த நம் வாசகர்க்கு அண்மையில் உள்ள சான்று ஒன்றும் உண்டு. இந்தோனேசியாவின் பிரமோத்யா அனந்த தூர், புரு தீவுச் சிறையில் எழுதுதாள் மறுக்கப்பட்ட காலத்தில் உடனிருந்தார்க்கு வாய்மொழியாகச் சொன்ன கதை நான்கு நூல்களாயிற்று. முதல் நூல் 'பூமி மனுசியா' 1980-இல் வந்தது. மூன்று நூல்களை மிங்கே என்னும் நாயகனே சொல்கிறான். 1988-இல் வந்த நான்காவதான 'ரூமா காச்சா'வைச் சொல்பவனோ, அவனை வேவு பார்க்கும் காவல் அதிகாரி. ஒடுக்கப்பட்டவன் குரல் எவ்வாறு ஏடுகளில் அடக்கப்படுகிறது என்பதை அம்மாற்றம் ஒன்றே காட்டிவிடுகிறது. நம் தோட்டத்துக் கதையிலும் இறுதிப் பாகத்தைக் கிராணியின் செக்ரோல் ஏட்டிலிருந்து சொல்ல முடியும். பெயர் எழுதப்பட்ட நாளும் அடிக்கப்பட்ட நாளும் அதில் அன்றோ இருக்கின்றன?

வந்தியத்தேவன் இடத்துக்கும் ஆள் உண்டு. எழுதப்படிக்கத் தெரியாதார்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்த தோட்டப் பள்ளி ஆசிரியர் அவர். துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் கோயிலுக்கும் அவர் போகலாம்; எல்லார் இரகசியமும் அவர் பேனா வழியே சென்றிருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்வகுப்பு மாணவர்க்குப் 'பார்த்திபன் கன'வை முதலிலும் 'சிவகாமியின் சபத'த்தை அதன் பின்னும் படிக்கக் கொடுங்கள். முடிவை அறிந்து படிக்கும்போது எவ்வினா எஞ்சியது என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்து, அவரவர் குடும்பத்து மூன்று தலைமுறைக்கும் அதே பயிற்சியைக் கொடுங்கள். யார் எங்கே போனார் என்பதை அவர்கள் எளிதில் எழுதிவிடுவர். ஏன் போனார் என்பதற்கு வீட்டுப் பெரியவரைக் கேட்டாக வேண்டும். அவ்விடைகள் சேரும் நாளில், கம்போங் ராஜா மலைச்சரிவின் பல பாகப் புதினத்துக்கு முதல் பாகம் கிடைத்துவிடும்.