போதகர் ஒதுங்கிய அறை

இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலைக்கு முயல்வது குற்றம். பிழைத்து எழுந்தவர் வழக்கையும் சந்திக்க வேண்டியிருக்கலாம். அப்படியொரு நாட்டில் சாக நினைப்பவர் யாரிடம் வாய் திறப்பார்? போலீஸ் என்றால் பயம், மருத்துவர் என்றால் தயக்கம், வீட்டிலோ மானப் பிரச்சினை. மிச்சமிருந்தவர் பாதிரியார். கேட்டதை வெளியில் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை அந்த அங்கிக்கு இருந்தது. மனநல ஆலோசனைக்குள் ஒரு மத அறநிறுவனம் கொண்டுவரும் பெரிய சொத்து இந்த நம்பிக்கைதான். நிதியும் கட்டடமும் அதற்கு அப்புறம்தான்.

ஆங்கிலிக்கன் பாதிரியாரான சாட் வாரா இதை நன்றாகப் பயன்படுத்தியவர். 1935இல் லிங்கனில் அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கு ஒரு சிறுமியுடையது. மாதவிடாய் தொடங்கியதைப் பால்வினை நோய் என்று நினைத்துப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்டவள் அவள். விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒரே ஒரு முறை பேசியிருந்தால் பிழைத்திருப்பாள். 1953இல் லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் இருந்தபோது, சாக நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று வாரா ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நவம்பர் 2 அன்று முதல் அழைப்பு வந்தது. சமாரிட்டன்ஸ் அமைப்பு பிறந்த கதை இது.

அடுத்து நடந்ததைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நேரில் வருவோர் பெருகினார்கள். வாராவைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சில தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். வந்தவர்களில் பலர் அவர்களிடமே மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே எழுந்து போனார்கள். இதைக் கவனித்த வாரா, 1954 பிப்ரவரியில் பேசிக் கேட்கும் பொறுப்பை அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். பிரசங்கம் கூடவே கூடாது என்று விதித்தார். தேவாலயம் இடம் கொடுத்தது, பெயரைக் கொடுத்தது, உரையாடலில் மட்டும் தலையிடவில்லை. சமயச் சார்பில்லாமல் 1986இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா வரை அந்த மரபு நீண்டிருக்கிறது.

எல்லா மத அமைப்புகளும் இப்படி ஒதுங்கிக்கொள்வதில்லை. கடும் மனச்சோர்வில் இருப்பவர் ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாகப் பார்க்கிறவர். அவரிடம் போய் ‘நீங்கள் சரியாக ஜெபிக்கவில்லை’ என்றால் குற்றவுணர்வு இரட்டிப்பாகும். இலவச உதவியாயிற்றே என்று அவரால் எதிர்த்துப் பேசவும் முடியாது. சிறு ஊராக இருந்தால் இன்னொரு சிக்கல்: ஆலோசகரும் வந்தவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே திருச்சபையில் உட்கார வேண்டும். வாசலுக்கு அழைத்துவந்த அதே நெருக்கம் உள்ளே வாயைக் கட்டிப்போடும்.

இதைவிடப் பெரிய குறை, அடுத்த கட்டத்துக்கு வழி இல்லாமல் போவது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசிய ஆய்வில், மனநலப் பிரச்சினைக்காக எப்போதாவது உதவி தேடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மதகுருமாரை நாடியிருந்தார். ஓராண்டில் அப்படி நாடியவர்களில் பெரும்பாலோர் மருத்துவரையோ மனநல நிபுணரையோ பார்க்கவே இல்லை. மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு இந்த இடைவெளி எத்தனை ஆண்டுகளைத் தின்னும் என்பது குடும்பத்தாருக்குத் தெரியும்.

நம்மூர் ஏர்வாடியை மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். அந்த விடுதியை அறநிறுவனங்களோடு ஒன்றாக வைப்பது நியாயமில்லை. ஆனால், நம்பி வந்த கூட்டத்துக்கு நடுவே மருத்துவமும் கண்காணிப்பும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி நமக்கு வேண்டியதில்லை. பிற்பாடு அங்கே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க மனநல மருத்துவர்கள் அமர்த்தப்பட்டார்கள். தொழுகையை விட்டுவிட்டு வா என்று யாரையும் விரட்டாத அந்த ஏற்பாட்டை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

பலனைப் பற்றியும் நிதானம் தேவை. சமாரிட்டன்ஸ் கிளை உள்ள ஊர்களில் தற்கொலை குறைந்ததாக 1968இல் ஓர் ஆய்வு சொன்னது. 1978இல் மேலும் கவனமாக ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. வீட்டு எரிவாயுவிலிருந்த கார்பன் மோனாக்சைடு குறைந்துபோனதே நாட்டில் தற்கொலை குறைந்ததற்குப் பெருங்காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதனால் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் பேசுவதைக் கேட்பது வீண் என்று ஆகிவிடாது. அது துயரத்தைத் தணிக்கும் வேலை. அதைச் சிகிச்சை என்று விளம்பரப்படுத்துவதுதான் தவறு.

ஆகவே, ஆலோசனை மையம் திறக்கும் எந்தத் திருச்சபையும் மடமும் ஜமாத்தும் சில விவரங்களை வாசலிலேயே எழுதிவைக்கட்டும்: ஆலோசகரின் படிப்பு என்ன, அவரை மேற்பார்க்கும் மனநல மருத்துவர் யார், நிலைமை மோசமானால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், வழிபாட்டுக்கு வராதவருக்கும் இதே கவனிப்பு உண்டா. நன்கொடை கொடுப்பவர்களும் ‘எத்தனை பேர் வந்தார்கள்’ என்று கேட்பதோடு நிற்காமல், எத்தனை பேரை மருத்துவரிடம் கொண்டுசேர்த்தார்கள் என்ற கணக்கையும் கேட்க வேண்டும்.