கடன் சுமந்த சொற்கள்

ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் ‘ஐ மஸ்ட் கோ’ என்று எழுந்தால், கிளம்பச் சொல்வது அவருடைய மனம். ‘ஐ ஹேவ் டு கோ’ என்றால், வெளியே ஏதோ இழுக்கிறது: கடைசிப் பேருந்து, அலுவலக நேரம், மருத்துவர் வைத்த கெடு. அன்றாடப் பேச்சில் இவை இரண்டும் கலந்து புழங்கினாலும், கவனமாகப் பேசுகிறவர் வாயில் இந்த வேறுபாடு இன்னும் கேட்கிறது. கட்டளை எங்கே பிறந்தது என்பதை ஒரு துணைவினை சொல்லிவிடுகிறது.

உடன்பாட்டில் இப்படி ஒட்டி நடக்கும் இரண்டும் எதிர்மறையில் எதிரெதிர்த் திசைக்குப் போய்விடுகின்றன. ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக் கூடாது, கதவு சாத்தியாயிற்று. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வர வேண்டியதில்லை. வந்தாலும் கதவு திறந்திருக்கும். முன்னதில் மறுப்பு செயலின் மேல் விழுகிறது, பின்னதில் கட்டாயத்தின் மேல். ஒரு ‘நாட்’ எதைத் தொடுகிறது என்பதில்தான் தடையும் விடுதலையும் பிரிகின்றன.

‘மஸ்ட்’டுக்கு இறந்தகாலம் இல்லை. நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல ‘ஹேட் டு’விடம் கைமாற்று வாங்குகிறது. காரணம் அழகானது: பழைய ஆங்கிலத்தில் அதுவே ஓர் இறந்தகால வடிவம். நேற்றின் சொல் இன்றைக்கு இடம்பெயர்ந்ததால், நேற்றைச் சொல்ல அதனிடம் வடிவம் மிஞ்சவில்லை. ‘ஷி மஸ்ட் ஹேவ் கான்’ என்பது அதன் இறந்தகாலம் போலத் தோன்றினாலும், சொல்வது கட்டாயமன்று, ஊகம். நம் ‘போயிருக்க வேண்டும்’ என்பதும் அதே ஊகத்தைச் சுமக்கிறது. இருவேறு மொழிகள் ஒரே வளைவில் திரும்புவதைப் பார்க்கச் சிலிர்க்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது ‘ஆட் டு’. ‘கடன்பட்டிரு’ என்று பொருள்படும் ‘ஓ’ என்ற வினையின் பழைய இறந்தகாலம் அது. ‘ஷுட்’டின் வேரிலும் ‘கடன்பட்டிரு’ என்ற பொருளே கிடக்கிறது. தமிழருக்கு இது புதிதன்று. புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய பொறுப்பைச் சொல்ல எடுத்த சொல் ‘கடன்’தான், கடமையும் அதன் கிளையே.

‘ஐ ஆட் டு ரைட் டு ஹெர்.’ அவளுக்கு எழுத வேண்டும் என்கிறது வாக்கியம். அதை இப்போது படிக்கும்போதெல்லாம், அவளிடம் வாங்கிய அன்பு ஒன்று இன்னும் திருப்பித் தரப்படாமல் இருப்பது தெரிகிறது.