வமிசப் புகழும் வமிசப் பழியும்

தூத்துக்குடி முத்துக்குளித்துறைக்கு வடமேற்கே, கரிசல் நிலத்தின் நடுவே உள்ளது எட்டயபுரம். அந்த ஜமீன் குடும்பத்தின் வரலாறாக 1879-ல் வெளிவந்தது ‘வம்சமணி தீபிகை’. இயற்றியவர் கவிகேசரி சாமி தீட்சிதர். ஜமீன் போனபின் ஜமீன் புராணம் நமக்கு எதற்கு என்பீர்கள். காரணம் உண்டு, தோழர்களே!

முன்னோர் சந்திரகிரியிலிருந்து வந்தவராம். அவருள் ஒருவர் சோமன் என்னும் மல்லனை மாய்த்தாராம். மாண்டவனின் தம்பியர் எண்மருக்கும் தந்தையாகி அவர்களைக் காத்தாராம். ஆகவே ‘எட்டப்பன்’ எனும் பெயர் வந்ததாம். வமிசக் கதை இது. வீரமும் ஈரமும் கலந்த கதைதான். ஆனால் ஒருவர் காட்டிய வீரம், பின்னர்ப் பிறந்தோர் அனைவருக்கும் பிதிரார்ஜிதம் ஆவதெங்ஙனம்?

இந்தப் பித்தம் இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1611-ல் ‘பாரனெட்’ என்ற பரம்பரைப் பட்டத்தை உண்டாக்கி, 1,095 பவுனுக்கு விற்றான். தந்தை பணம் கொடுத்து வாங்கினார். மகனோ பிறந்ததாலேயே பெற்றான்!

எட்டயபுரத்தின் நிலம் பெருகிய விதத்தையும் பார்ப்போம். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தைப் பாளையங்களுக்குப் பாஞ்சாலங்குறிச்சிச் சீமை பங்கிடப்பட்டது. 1803-ல் நிரந்தர ஒப்பந்தம் பாளையத்தை ஜமீனாக்கிற்று. 1948-ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் அந்த ஜமீன் உரிமைக்கு முடிவு கட்டிற்று.

தீபிகை என்றால் விளக்கு. விளக்கின் அடியில் இருட்டு என்பார்கள். அரண்மனைக்கு ஒளி காட்டும் இவ்வகை வரலாறுகளில், கரிசலை உழுது வரி கட்டியவனுக்குப் பெயருண்டா? மூச்சடக்கிக் கடலடியில் முத்தெடுத்தவனின் பாட்டனை எந்தப் புலவர் பாடினார்? அவனுக்கும் பாட்டன் இருந்தான். பாடப் பணந்தான் இல்லை!

அதே எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்தவர் பாரதி. 1919-ல், வறுமை வாட்டிய நாளில், இந்நூலைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித்தர முன்வந்து ஜமீன்தாருக்கு விண்ணப்பித்தார். 1921-ல் மறைந்தார். விடுதலை பாடிய பேனா வமிசாவளி எழுத அனுமதி கேட்டு நின்றதே! அது அந்தக் கவிஞரின் இழுக்கன்று; செல்வம் ஓரிடத்தில் குவிந்த சமுதாயத்தின் இழுக்கு.

இனி, நம் பக்கமும் நோக்குவோம். மேடையில் நாமே ‘எட்டப்பன்’ என்பதைத் துரோகியின் மறுபெயராக வீசுகிறோம், கைத்தட்டலும் பெறுகிறோம். எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயரா? தலைமுறை தலைமுறையாக வந்த பட்டம் அல்லவா? 1799-ல் ஒருவர் செய்ததற்கு, அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர் எப்படிப் பொறுப்பாவர்? பிறப்பால் பெருமையில்லை என்று முழங்கும் நாம், பிறப்பால் பழியுண்டு என்று சொல்லலாமா? இரண்டும் ஒரே நாணயத்தின் பூவும் தலையும் அல்லவா?

செயலைக் கண்டிப்போம், ஆளைப் பெயரிட்டு, ஆண்டைக் குறித்துக் கண்டிப்போம். குருதியைக் கண்டிக்க வேண்டாம். அந்த வேலையை வருணாசிரமம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அரண்மனை வரலாற்றைத் தலைகீழாக்கினால் மக்கள் வரலாறு ஆகிவிடாது. உழுதவன், மூழ்கியவன், வரி கொடுத்தவன் ஆகியோரின் கணக்கை ஊர் ஊராகத் தேடி எழுதுவோம். அந்த விளக்கே நாம் ஏற்ற வேண்டிய விளக்கு.