கழற்றி மாட்டும் பல்தொகுதியின் உறுப்புப்பெயர்கள்: கலைச்சொல்லாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

சில பற்களை இழந்து, எஞ்சிய பற்கள் உறுதியாக உள்ள ஒருவருக்கு, அவரே கழற்றவும் மாட்டவும் கூடிய வகையில் செய்து தரப்படும் செயற்கைப்பல் அமைப்பை ஆங்கிலத்தில் ‘ரிமூவபிள் பார்ஷியல் டென்ச்சர்’ என்பர். இதன் உறுப்புகளாகப் பாடநூல்கள் பொதுவாக ஏழினைக் கூறுகின்றன. அவை மேஜர் கனெக்டர், மைனர் கனெக்டர், ரெஸ்ட், டைரக்ட் ரிட்டெய்னர், இன்டைரக்ட் ரிட்டெய்னர், டென்ச்சர் பேஸ், செயற்கைப் பற்கள் என்பன. இச்சொற்களைத் தமிழாக்கும்போது நேரும் இடர்ப்பாடுகளை ஆராய்ந்து, ஏற்ற சொற்களைத் தெரிவதற்கான அளவுகோல் ஒன்றை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பெயர்களுள் பெரும்பாலானவை உறுப்பின் பணியைச் சுட்டுவன. ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் பெயர்க்கும்போது அவை வடிவத்தையோ அளவையோ சுட்டும் பெயர்களாகத் திரிந்துவிடுகின்றன. குழப்பத்தின் வேர் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. தொடர்ப்பெயரின் பொருள் மயக்கம்

முதலில் அமைப்பின் பெயரையே நோக்கலாம். ‘கழற்றத்தக்க பகுதிப் பல்தொகுதி’ என்பது சொல்லுக்குச் சொல் அமைந்த பெயர்ப்பு. இத்தொடரைக் கழற்றத்தக்கதாகிய பகுதிப் பல்தொகுதி என்றும் கொள்ளலாம்; கழற்றத்தக்க பகுதியை உடைய பல்தொகுதி என்றும் கொள்ளலாம். தமிழில் பெயரெச்சம் தன்னை அடுத்து நிற்கும் பெயரோடு இயைவது இயல்பாதலின், படிப்பவர் மனத்தில் இரண்டாம் பொருளே முந்துகிறது. ஒரு பகுதி மட்டும் கழலும், எஞ்சியது வாயிலேயே நிலைத்திருக்கும் என்று நோயாளி கருத இது இடம் தருகிறது. இரவில் முழு அமைப்பையும் கழற்றித் தூய்மை செய்து நீரில் இட்டுவைக்க வேண்டும் என்னும் அறிவுரைக்கு இக்கருத்து நேர்முரணானது.

மக்கள் வழக்கில் இம்மயக்கம் இல்லை. ‘கழற்றி மாட்டுற பல் செட்டு’ என்று அவர்கள் தெளிவாகக் கூறுகின்றனர். வினையெச்சமும் வினையும் இணைந்த இவ்வடிவம் செயலையும் செய்பவரையும் ஒருங்கே உணர்த்துகிறது. எனவே ‘கழற்றி மாட்டும் பல்தொகுதி’ என்பதை எழுத்து வழக்கிற்கும் கொள்ளலாம். முழு வாய்க்கும் உரியதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘குறைபல் தொகுதி’, ‘முழுப்பல் தொகுதி’ என வழங்கலாம். புணர்ச்சி விதிப்படி ‘பற்றொகுதி’ என்றே எழுத வேண்டும் என்பார் உளர். விதி சரியே. ஆயினும் பற்று என்னும் சொல் பல முறை வர வேண்டிய இத்துறையில் பல் என்பது கண்ணுக்குத் தெரியுமாறு பிரித்து எழுதுவது நலம் பயக்கும்.

3. மூலச் சொற்களின் நிலை

ஆங்கிலக் கலைச்சொற்கள் யாவும் திட்பமானவை, தமிழே தடுமாறுகிறது என்னும் எண்ணம் மொழிபெயர்ப்பாளரிடையே உண்டு. இத்துறையில் அஃது உண்மையன்று. அமெரிக்கச் செயற்கைப்பல் மருத்துவர்களின் கலைச்சொல் அடைவு 1956ஆம் ஆண்டு முதற்பதிப்பாக வெளிவந்தது; அதன் பத்தாம் பதிப்பு 2023இல் வெளியாயிற்று. சொற்களைச் சேர்ப்பதும் விலக்குவதும் பதிப்புதோறும் நிகழ்ந்துள்ளன. மேலும், செயற்கைப் பற்களைத் தாங்கி ஈறுமேட்டின் மீது அமரும் உறுப்பை அமெரிக்கர் ‘பேஸ்’ என்பர். பிரிட்டிஷ் வழக்கில் அது ‘சேடில்’, அதாவது சேணம். குதிரையின் முதுகில் சேணம் இருபுறமும் கவிந்து அமர்வதுபோல மேட்டின் மீது அமர்வதால் வந்த உவமைப் பெயர் அது. இதனைச் ‘சேணம்’ என்றே பெயர்ப்பின் உவமை மட்டும் மிஞ்சும், பணி மறைந்துவிடும். ‘தளம்’ என்பதே போதும்.

ஆகவே பெயர்க்க வேண்டியது சொல்லை அன்று. அச்சொல்லுக்குத் துறை தந்துள்ள வரையறையை.

4. மூன்று இயக்கங்கள், மூன்று சொற்கள்

வாயில் அமர்ந்துள்ள பல்தொகுதிக்கு மூன்று திசைகளில் இயக்கம் நேரக்கூடும். ஒட்டும் உணவு இழுக்கும்போது அது ஈற்றை விட்டுக் கழலப் பார்க்கும். கடிக்கும்போது ஈற்றுக்குள் அமிழப் பார்க்கும். மெல்லும்போது பக்கவாட்டில் அலையும். இம்மூன்றையும் எதிர்க்கும் பண்புகளை முறையே ரிட்டென்ஷன், சப்போர்ட், ஸ்டெபிலிட்டி என்பர். அமைப்பின் உறுப்புகள் அனைத்தும் இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ நிறைவேற்ற வந்தவை.

இவற்றைத் தக்கவைப்பு, ஆதரவு, நிலைத்தன்மை எனப் பெயர்ப்பின் மூன்றும் ஒரே பொருளின் நிழல்களாகத் தோன்றுகின்றன. எது எத்திசை இயக்கத்தைத் தடுக்கிறது என்பது எச்சொல்லிலும் இல்லை. தமிழில் இதற்கு வேறொரு வழி உண்டு. ‘கள்ளாமை’, ‘கொல்லாமை’ எனத் திருக்குறள் அதிகாரப் பெயர்களாக நிற்கும் எதிர்மறைத் தொழிற்பெயர் வாய்பாடு, ஒரு செயல் நிகழாதிருத்தலையே ஒரு பண்பாக்கிப் பெயரிடுகிறது. அவ்வாய்பாட்டில் கழலாமை, அமிழாமை, அலையாமை என்னும் மூன்று சொற்களும் எளிதில் அமைகின்றன. தடுக்கப்படும் இயக்கம் ஒவ்வொன்றின் பகுதியிலும் வெளிப்பட நிற்றலின் தனி விளக்கம் வேண்டுவதில்லை.

5. உறுப்புப்பெயர்கள்

மேற்கூறிய அளவுகோலை உறுப்புகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

(அ) ‘ரெஸ்ட்’ என்பதை ‘ஓய்வு’ என்பது வெளிப்படையான பிழை. ஆயின் ‘இருக்கை’ என்பதும் பிழையே. பல்லின் மீது இதற்கெனச் செதுக்கப்படும் சிறு பள்ளமே இருக்கை. அதில் வந்து அமரும் உலோக முனையே இவ்வுறுப்பு. கடிவிசையைப் பல்லின் நெட்டச்சு வழியே செலுத்தி, அமைப்பு ஈற்றில் அமிழாமல் காப்பது இதன் பணி. உறுப்பைத் ‘தாங்குமுனை’ என்றும் பள்ளத்தைத் ‘தாங்குகுழி’ என்றும் வழங்கின் இரண்டும் இணையாக நிற்கும்.

(ஆ) ‘மேஜர் கனெக்டர்’ என்பதைப் ‘பெரிய இணைப்பான்’ எனல் அளவைச் சுட்டுகிறது. தாடையின் ஒரு பக்கத்து உறுப்புகளை மறுபக்கத்து உறுப்புகளோடு இணைப்பது என்பதே இதன் வரையறை. கீழ்த்தாடையில் நாவின் பக்கமாக ஓடும் மெல்லிய கம்பியும் இப்பெயர் பெறும். எனவே ‘இருபக்க இணைப்பு’ என்பது பொருந்தும். அதிலிருந்து பிற உறுப்புகளுக்குச் செல்வதைக் ‘கிளை இணைப்பு’ எனலாம். மேல்தாடையில் இருபக்க இணைப்பு அண்ணத்தைக் கடந்து செல்கிறது. ஈற்றின் நலன் கருதி அதன் விளிம்பை ஈற்று விளிம்பிலிருந்து குறைந்தது 6 மில்லிமீட்டர் தள்ளி அமைப்பர். அண்ணத்தின் முற்பகுதியில் தகடு தடித்திருப்பின், நுனிநா அவ்விடத்தை ஒற்றிப் பிறக்கும் ஒலிகள் தொடக்க நாள்களில் மாறுபடும். ஒலியியலாருக்கும் இவ்வுறுப்பில் அக்கறை உண்டு என்பதற்கு இது சான்று.

(இ) ‘டைரக்ட் ரிட்டெய்னர்’ எனப்படுவதன் மிகப் பரவலான வடிவம் கிளாஸ்ப். மக்கள் இதனைக் ‘கம்பி’ என்பர். ‘கவ்வி’ எனல் இன்னும் பொருத்தம். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கவ்வுதல் என்றதும் இடைவிடாத அழுத்தம் நினைவுக்கு வருகிறது. முறையாகச் செய்யப்பட்ட கவ்வியோ அமர்ந்த நிலையில் பல்லின் மீது விசை செலுத்துவதில்லை. பல்லின் மிகுபுடைப்புக் கோட்டிற்குக் கீழே, கோபால்ட்-குரோமிய வார்ப்பாயின் ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் ஆழமுள்ள உட்சரிவில், அதன் நுனி செயலற்று இருக்கும். அமைப்பு கழல முற்படும்போதுதான் அது வளைந்து எதிர்க்கும். எனவே பொருளுக்குக் கவ்வி என்றும், பணிக்கு ‘நேர்க் கழல்தடை’ என்றும் இரு பெயர் வேண்டும். ‘பற்றி’ என்னும் சுருக்கம் கவர்ச்சியானது. ஆனால் ‘பற்றியைப் பற்றி’ எழுத நேரும் கட்டுரையாளர் அதனை விரும்பமாட்டார்.

6. ஒரு பொருள், இரு பெயர்

‘இன்டைரக்ட் ரிட்டெய்னர்’ என்பதே இக்கட்டுரையின் கருத்தைச் சோதிக்கும் சொல். ‘மறைமுகத் தக்கவைப்பான்’ என்பது இலக்கணப் பிழையற்ற பெயர்ப்பு. ஆயினும் அதனால் எதுவும் விளங்குவதில்லை.

எட்வர்ட் கென்னடி 1925இல் வகுத்த பாகுபாட்டின் முதல் வகையில், இருபுறமும் பின்பற்கள் இல்லை. தளத்தின் முன்முனையைப் பல் தாங்குகிறது. பின்முனைக்கு ஈறு மட்டுமே துணை. அல்வா போன்ற ஒட்டும் பண்டம் தளத்தின் பின்முனையை மேலே இழுத்தால், கவ்விகள் பொருந்திய பற்களை இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு அமைப்பு முழுதும் சுழலும். கிணற்றுத் துலாவின் ஒரு முனை எழ வேண்டுமாயின் மறுமுனை தாழ்ந்தாக வேண்டும். அச்சுக்கு முன்னால் உள்ள முனை தாழாதவாறு ஒரு தாங்குமுனையைப் பல்லின் மீது அமர்த்தினால் பின்முனை எழுவது தடைப்படும். இன்டைரக்ட் ரிட்டெய்னர் என்பது இவ்வளவே. அது பல்லைப் பற்றுவதும் இல்லை, கவ்வுவதும் இல்லை. ஆதலின் ‘எதிர்முனைக் கழல்தடை’ எனின் அது நிற்கும் இடமும் செய்யும் பணியும் ஒருங்கே புலனாகும்.

இங்கு உறுப்பாக உள்ளது தாங்குமுனையே. அமிழாமைக்கு உதவும்போது அதற்கு ஒரு பெயர். சுழற்சியைத் தடுக்கும்போது மற்றொரு பெயர். தமிழ் இலக்கணம் கற்றோருக்கு இது புதிதன்று. வேற்றுமை உருபு வேறு, வேற்றுமைப் பொருள் வேறு என்பதையும், ஓர் உருபு பிறிதொன்றன் பொருளில் மயங்கி வரும் என்பதையும் தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் பேசுகிறது. உருபையும் பொருளையும் பிரித்துணரும் பயிற்சி உடையார் பல்தொகுதியின் பெயர்களை எளிதில் வகைப்படுத்துவர். கலைச்சொல் அடைவுகளும் ‘உறுப்பு’, ‘பணி’ என இரு பத்திகளாக அமையின் இம்மயக்கம் நீங்கும்.

7. கடன்சொற்கள்

எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. 1961இல் நிறுவப்பட்ட அறிவியல், தொழில்நுட்பச் சொல்லாக்க ஆணையத்தின் நெறிகள், ஆட்பெயர் அடிப்படையிலான சொற்களையும் தனிமங்களின் பெயர்களையும் ஒலிபெயர்க்கவும், கருத்துச் சொற்களை மொழிபெயர்க்கவும் வழிகாட்டுகின்றன. அதன்படி கென்னடி வகைப்பாடு, அக்ரிலிக், கோபால்ட், குரோமியம் என்பன அவ்வாறே நிற்கலாம். கருத்தைச் சுமக்கும் தாங்குமுனையும் கழல்தடையும் தமிழில் இருத்தல் வேண்டும்.

8. முடிவுரை

தமிழ்நாட்டில் பல் மருத்துவப் பட்டப்படிப்பு ஆங்கில வழியில் நடைபெறுகையில் இச்சொற்களால் யாருக்குப் பயன் என வினவலாம். யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார் என்பது ஒரு விடை. நோயாளியிடமிருந்து வரும் விடை அதனினும் முதன்மையானது. ஈற்றை மட்டுமே நம்பி, தாங்குமுனை இன்றிச் செய்யப்படும் அக்ரிலிக் தொகுதி விலை குறைந்தது. கடிக்குந்தோறும் அது அமிழ்ந்து, எஞ்சிய பற்களின் ஈற்றை உரித்துக் கீழிறக்கக்கூடும். ஆங்கிலத்தில் அத்தகைய கீழ்த்தாடைத் தொகுதிக்கு ‘ஈறு உரிப்பான்’ என்னும் பொருள்பட ஒரு கேலிப்பெயரே உண்டு. வார்ப்பு உலோகத் தொகுதி விலை மிக்கது. பல் அதனைத் தாங்குகிறது. இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர், ‘இதில் தாங்குமுனை உண்டா?’ எனக் கேட்க ஒரு சொல் வேண்டும். ‘ஓய்வு உண்டா?’ என்று அவரால் கேட்க இயலாது.

சொல்லின் அழகோ தூய்மையோ இங்கு இறுதி அளவுகோலாகாது. பெயரைக் கேட்டவர் உறுப்பின் பணியை ஊகிக்க முடிகிறதா என்பதே அளவுகோல். ஒப்புதல் படிவங்களையும் நோயாளிகளுக்கான குறிப்பேடுகளையும் மொழிபெயர்ப்போர், அகராதியைத் திறப்பதற்கு முன் வரையறையைப் படிப்பார்களாயின் இத்துறையின் பெயர்ப்புக் குறைகளில் பெரும்பகுதி தாமே நீங்கும்.