அரிசி டின்னில் இரண்டு அந்துகள்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிச் சமையலறையோ, கிள்ளான் லிட்டில் இந்தியா மளிகைக் கடையோ, சுவரில் ஒட்டியிருக்கும் அந்துப்பூச்சியை அடிக்குமுன் ஒரு கணம் உற்றுப் பாருங்கள்.

அரிசி அந்து முழுக்கச் சாம்பல் பழுப்பு; இறக்கை நரம்புகள் மட்டும் சற்றே அழுத்தமாக ஓடும். இந்திய மாவு அந்துக்கோ இரட்டை நிறம்: இறக்கையின் தோள்பக்கம் வெளிர்சாம்பல், நுனிப்பக்கம் செப்புச் சிவப்பு. இத்தனை சிறிய உயிரில் எவ்வளவு நேர்த்தி! இரண்டின் புழுக்களும் நூல் விட்டுத் தானியத்தைப் பிணைக்கும். மாவு அந்து முந்திரி, உலர்திராட்சையையும் விடாது.

வீட்டில் தொல்லைதான். ஆனால் தமிழகத்தில் அரிசி அந்தை ஆய்வகங்களில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் டிரைக்கோகிரம்மா என்னும் நுண்குளவியைப் பெருக்கி, அந்த அட்டைகளைக் கரும்புத் தோட்டத்தில் கட்டுகிறார்கள். அந்தக் குளவி, கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவை முட்டையிலேயே அழித்துவிடும். அரிசியைக் கெடுக்கும் பூச்சி கரும்பைக் காக்க உதவுகிறது. எனக்கு அதைப் பிடித்துப்போனது இதனால்தான்.