கயிற்றை அறுத்த கணம்

விளையாட்டுப் பக்கத்தில் நாவலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் 2009-இல் எழுதிய ‘லெவியத்தன்’ என்ற ஸ்டீம்பங்க் நாவலின் தொடக்கத்தில் ஒரு தேர்வு முகாம் வருகிறது. மைதான ஓரம் நின்று நான் பார்த்த செலக்‌ஷன் ட்ரையல் எதிலும் அந்தப் படபடப்பு இருந்ததில்லை.

வருஷம் 1914. ஆனால் நாம் பாடத்தில் படித்த 1914 இல்லை. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கால் முளைத்த இரும்பு எந்திரங்களில் போருக்குக் கிளம்புகின்றன. பிரிட்டனோ டார்வின் காட்டிய வழியில் உயிரினங்களைக் கலந்து, விலங்குகளையே போர்க்கருவிகளாக வளர்க்கிறது. ஸ்காட்லாந்துக்காரி டெரின் ஷார்ப்புக்கு வயது 15. பலூன் ஓட்டிய அப்பாவை ஒரு விபத்தில் பறிகொடுத்தவள். வான்படையில் பெண்களுக்கு இடமில்லை. அதனால் ‘டிலன்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு, பையனாக வந்து வரிசையில் நிற்கிறாள்.

தேர்வு லண்டனில், வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் திடலில். ஏற வேண்டியது ‘ஹக்ஸ்லி’ என்ற பிராணியில். ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு மிதக்கும் ராட்சத ஜெல்லி மீன் அது. உட்காரத் தொட்டி எதுவும் கிடையாது. வாரால் கட்டி அதன் அடியில் தொங்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, ஹக்ஸ்லி சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி.

இங்கேதான் டெரினின் ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும். மேலே போனதும் புயல் சுழற்றுகிறது. பாதுகாப்புக்கென்று தரையோடு கட்டிய கயிறே எமனாகிவிடுகிறது. அவள் கயிற்றை அறுக்கிறாள். இதைத் துணிச்சல் என்று பாராட்டிவிட்டுப் போவது சோம்பேறி விமர்சனம். துணிச்சல் அவளைத் திடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது, அவ்வளவுதான். அந்தக் கணத்தில் கை கொடுப்பது சின்ன வயதிலிருந்து அப்பாவோடு பறந்த பழக்கம். காற்று எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். கிரிக்கெட்டிலும் கிரீஸை விட்டு இறங்கி அடிப்பவரெல்லாம் முரடர் இல்லையே. பந்தின் நீளத்தை முன்கூட்டியே படித்தவர்தான் இறங்குவார். அறுந்த கயிறோடு லண்டன் மேலே மிதந்துபோகிறவளைத் திமிங்கலத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ‘லெவியத்தன்’ வான்கப்பல் மீட்கிறது. தேறிவிட்டாள் என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ரோத்தக்கில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடிய கிரிக்கெட் வீராங்கனை ஷஃபாலி வர்மாவை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. 2019-இல் இந்தியாவுக்காக முதல் டி20 ஆடியபோது அவருக்கும் 15 வயதுதான். 2025 ஒருநாள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 87 ரன்னும் 2 விக்கெட்டும் எடுத்தார். வேஷம் போட்டு ஆடுகிறவருக்கு இரட்டைச் சுமை. ஆட்டத்திலும் தவறக் கூடாது, அடையாளமும் வெளியே தெரியக் கூடாது. கப்பலில் டெரின் குரலையும் நடையையும் அனுதினமும் காத்துக்கொள்ளும் பக்கங்களை வெஸ்டர்ஃபெல்ட் நன்றாகவே எழுதியிருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. அத்தியாயங்கள் டெரினுக்கும், தப்பியோடும் ஆஸ்திரிய இளவரசன் அலெக்குக்கும் மாறி மாறிப் போகின்றன. அலெக் பேட்டிங் பிடிக்கும்போதெல்லாம் ரன்ரேட் விழுகிறது. பையன் நல்லவன்தான், ஆனால் அவனுக்கு யோசனை சொல்ல எப்போதும் பக்கத்தில் ஒரு கூட்டம். டெரினுக்கு அவள் கைதான் உண்டு. இரும்பு முட்களைத் தின்ற வவ்வால்களை எதிரி விமானங்கள் மீது ஏவும் காட்சி வந்த பிறகே எனக்குப் பழைய வேகம் திரும்பியது. முடிவும் பாதி ஆட்டத்தில் தேநீர் இடைவேளை விட்டதுபோல நிற்கிறது. மீதிக்கு ‘பெஹெமோத்’ (2010), ‘கோலியாத்’ (2011) இரண்டையும் தேட வேண்டும்.

என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. அந்த எட்டும் டெரின் எடுத்தது. கீத் தாம்சன் வரைந்த படங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஹக்ஸ்லி எப்படி இருக்கும் என்று அதில்தான் சரியாகப் புரியும்.