முதல் நாவலும் பினாங்குப் பேய்களும்

சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் பினாங்கில் தெருவுக்குத் தெரு கூத்துமேடை எழும்பும். முன்வரிசை நாற்காலிகளில் யாரும் உட்காருவதில்லை, அவை ஆவிகளுக்கு. மரத்தடியில் முனியாண்டி, கொஞ்சம் தள்ளி சீனர் வணங்கும் காவல் தெய்வம் டத்தோ கோங். இப்படிப்பட்ட ஊர் மிகுபுனைவுக்குள் (ஃபேன்டஸி) வராமல் இருந்தால்தான் வியப்பு.

வந்தது, ஆனால் ஆங்கிலத்தில். மலேசிய எழுத்தாளர் ஸென் சோவின் ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ (2021) நாவலில் அமெரிக்காவிலிருந்து பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்பும் ஜெஸ்ஸின் காதில், செத்துப்போன பாட்டி பேசத் தொடங்குகிறாள். கோயில் நிலத்தில் கண்வைத்த கட்டுமான முதலாளியைப் பழிவாங்க வேண்டுமாம்! 2022இல் உலக மிகுபுனைவு விருதின் இறுதிப் பட்டியலுக்கு அது போனது. பரிசு தாஷா சூரிக்கு. இருவருமே பிரிட்டிஷ் மிகுபுனைவு விருதுகளில் புதுமுகத்துக்கான சிட்னி ஜே. பவுண்ட்ஸ் விருதை முன்பே வாங்கியவர்கள்: சோ 2016இல், சூரி 2019இல். புதுமுக விருது ஆளைச் சரியாகக் கணித்திருக்கிறது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2015இன் கிராஃபோர்ட் விருது. மிகுபுனைவில் முதல் நூல் எழுதியவருக்கு 1985 முதல் தரப்படுவது. அவ்வாண்டு இருவருக்குப் பகிரப்பட்டது, ஒருவர் சோ. நூல் ‘ஸ்பிரிட்ஸ் அப்ராட்’, நாவல்கூட அல்ல, சிறுகதைத் தொகுப்பு. வெளியிட்டது லண்டனோ நியூயார்க்கோ அல்ல, மலேசியாவின் ஃபிக்சி. நம்மூர்ச் சிறு பதிப்பகத்தின் புத்தகத்தை அவ்விருதின் நடுவர்கள் தேடிப் படித்திருக்கிறார்கள். விருதைவிட இந்தத் தேடல் பெரிது.

மற்ற புதுமுக விருதுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். லோகஸ் இதழ் வாசகர் வாக்கெடுப்பில் முதல் நாவலைத் தேர்கிறது. பால்டிமோர் அறிவியல் புனைகதைச் சங்கத்தின் காம்ப்டன் குருக் விருதும் முதல் நாவலுக்கே. அஸ்டவுண்டிங் விருதோ நூலைப் பார்ப்பதில்லை, புதிதாக வந்த ஆளைப் பார்க்கிறது.

கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர ‘தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ என்ற ஒரே முதல் நாவலுக்காக 2024இல் கிராஃபோர்ட், லோகஸ் இரண்டையும் வாங்கினார். புதுமுகம் என்ற சலுகையே இல்லாத நெபுலா விருதும் கூடவே வந்தது. இலங்கையின் இனவாத அரசியலை அறிந்த தமிழ் வாசகருக்கு அந்த நாவலில் அடிக்குறிப்பே தேவைப்படாது.

தமிழில் இந்த வகைக்கென்று அறியப்பட்ட முதல் நாவல் விருது இல்லை. ‘அரூ’ இணைய இதழ் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டி நல்ல தொடக்கம், ஆனால் சிறுகதையோடு நிற்கிறது. நம் புதுமுக விருதுகள் பெரும்பாலும் வயதைத்தான் பார்க்கின்றன. சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்காருக்கு 35 வயது எல்லை. அறுபதில் ஓய்வுபெற்ற பட்டர்வொர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தண்ணீர்மலை அடிவாரத்துப் பேயை வைத்து முதல் நாவல் எழுதினால், அதைப் பொதுப் போட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே நடுவர் முதலில் கேட்பது, மலேசியத் தமிழ் நாவலில் வழக்கமாக வரும் தோட்டம் இதில் எங்கே என்பதாகத்தான் இருக்கும்.